இரட்டை மாடும் இரட்டை கார்புரேட்டரும்

ஏரில் பூட்டிய இரண்டு மாடுகள். ஒன்று முந்துகிறது. மற்றொன்று பின்தங்குகிறது. என்ன ஆகும்?

நுகத்தடி கோணும். உழவுச் சால் வளையும். முந்துகிற மாட்டின் கழுத்து புண்ணாகும். உத்திரமேரூர் வட்டாரத்துக் குடியானவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதே சங்கடம் மோட்டார் சைக்கிளுக்கும் உண்டு. எல்லா மோட்டார் சைக்கிளுக்கும் அல்ல. இரண்டு கார்புரேட்டர் உள்ள வண்டிக்கு மட்டும்!

புயல் வண்டி

நம் ஊர்ச் சாலைகளில் ஓடும் மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே சிலிண்டர்தான். பழைய புல்லட்டும் அப்படித்தான். ஒரு சிலிண்டருக்கு ஒரு கார்புரேட்டர் போதும். அதற்கு ஜோடிப் பொருத்தம் பார்க்க வேண்டியதில்லை.

இரட்டைக் கார்புரேட்டருக்கு இந்தியாவில் பேர்போன வண்டி ராஜ்தூத் 350. ஜப்பான் நாட்டு யமஹா கம்பெனியின் ஆர்.டி. 350 வண்டியை, எஸ்கார்ட்ஸ் கம்பெனி அந்தப் பெயரில் இங்கே தயாரித்தது. 1983-ல் விற்பனைக்கு வந்தது. 347 சி.சி. என்ஜின். இரண்டு சிலிண்டர், இரண்டு கார்புரேட்டர், இரண்டு சைலன்சர். சுமார் 30 குதிரைச் சக்தி! அந்நாளைய புல்லட்டுக்கு அதில் ஏறக்குறைய பாதியைவிடச் சற்றே அதிகம்.

வேகத்தில் புயல். பெட்ரோல் குடிப்பதிலும் புயல்! மைலேஜ் பார்த்து வண்டி வாங்கும் நம் நாட்டில் அது எப்படி விலைபோகும்? அந்தப் பத்தாண்டு முடியும் தறுவாயில் உற்பத்தி நின்றது.

இன்றும் அந்த வண்டியை உயிராக வைத்திருப்பவர்கள் உண்டு. தகப்பனார் ஓட்டிய வண்டி என்று மகன் துடைத்து வைத்திருப்பான். ஆனால் உதிரிபாகம் கிடைப்பது குதிரைக் கொம்பு. பிஸ்டன் ஒன்று போனால், தேடி அலைய வேண்டும். ஆகவே இருக்கிற என்ஜினைக் காப்பாற்றிக்கொள்வதே புத்திசாலித்தனம்.

உத்திரமேரூர் பக்கம் ஒரு வீட்டு வாசலில் இப்படி ஒரு வண்டி நிற்பதாக வைத்துக்கொள்வோம். சென்னைக்கு 90 கிலோமீட்டர் இருக்கும். ஒரு ஸ்க்ரூவைத் திருக அவ்வளவு தூரம் போகவேண்டுமா? வேண்டாம். வீட்டிலேயே முடியும்.

மதகும் கார்புரேட்டரும்

கார்புரேட்டர் என்பது என்ன? பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு ஊட்டுகிற சாதனம். அதன் நடுவே ஓர் உருளை மேலும் கீழும் ஏறி இறங்கும். அதற்குச் சிலைடு என்று பெயர். ஆக்சிலேட்டரை முறுக்கினால் கேபிள் சிலைடைத் தூக்கும். வழி திறக்கும். காற்று பாயும். பெட்ரோலும் கூடவே வரும்.

ஏரி மதகுப் பலகையைத் தூக்கினால் தண்ணீர் பாய்வதில்லையா? அதே சங்கதிதான்.

மதகைப் பற்றி உத்திரமேரூருக்குச் சொல்லவும் வேண்டுமா? அந்த ஊர் ஏரிக்குப் பல்லவர் காலத்திலேயே வைரமேக தடாகம் என்று பெயர். கி.பி. 919, 921-ம் ஆண்டுகளில் பராந்தக சோழன் காலத்தில் வெட்டிய குடவோலைக் கல்வெட்டுகளில், ஏரியைக் கவனிக்கத் தனியாக 'ஏரி வாரியம்' இருந்தது காண்கிறது. எந்த வயலுக்கு எவ்வளவு தண்ணீர் என்று கணக்குப் பார்த்துப் பழகிய பூமி அது!

இரண்டு வயலுக்கு இரண்டு மதகு. ஒன்றை ஒரு சாண் தூக்கி, மற்றதை அரைச் சாண் தூக்கினால்? ஒரு வயலில் வெள்ளம். மறு வயலில் வெடிப்பு.

இரட்டைக் கார்புரேட்டரில் சிலைடுகள் சமமாக ஏறாவிட்டால் இதுதான் கதை. அதிகம் திறந்த பக்கத்துச் சிலிண்டர் இருவர் வேலையை ஒருவனாய்ச் செய்கிறது. மற்றது சும்மா இழுபடுகிறது. வண்டி உதறும். பெட்ரோல் வீணாகும். உழைக்கிற சிலிண்டரில் சூடு ஏறும்.

உயிருக்கு ஆபத்து

இதோடு காற்றுக் கசிவும் சேர்ந்தால் அபாயம். சூட்டில் பிஸ்டன் பருத்து, சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். ஓடுகிற வண்டியின் பின்சக்கரம் சட்டென்று நின்றுவிடும். வேகமாகப் போகிறவன் கதி என்ன?

அப்படி நேர்ந்தால் செய்யவேண்டியது ஒன்றுதான்: உடனே கிளட்சைப் பிடிக்க வேண்டும். சக்கரம் விடுபடும். பழைய இரண்டு ஸ்ட்ரோக் வண்டி ஓட்டுகிறவர்கள் கிளட்சுப் பிடியில் இரண்டு விரல் வைத்தபடியே போவது வீண் பழக்கம் அல்ல!

முதலில் செய்ய வேண்டியவை

பிளக் அழுக்காக இருந்தால், பாயிண்ட் தேய்ந்திருந்தால், காற்று வடிகட்டி அடைத்திருந்தால், கார்புரேட்டரைத் திருகிப் பயனில்லை. அவற்றை முதலில் சரிசெய்ய வேண்டும். கார்புரேட்டர் ஜோடி சேர்ப்பது கடைசி வேலை.

வண்டியை வெட்டவெளியில் நடு ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். என்ஜின் ஆறியிருக்க வேண்டும். பெட்ரோல் குழாயை மூட வேண்டும். பீடி, சிகரெட், அடுப்பு, அகல்விளக்கு எதுவும் பக்கத்தில் கூடாது. குழந்தைகளை எட்டி இருக்கச் சொல்ல வேண்டும். பெட்ரோல் ஆவி கண்ணுக்குத் தெரியாது. ஆனால் நெருப்பை அது தேடிப் போகும்.

தேவையான சாமான்கள்: ஸ்பானர், ஸ்க்ரூ டிரைவர், டார்ச் விளக்கு, ஒரே அளவான இரண்டு டிரில் பிட். அத்துடன் உதவிக்கு ஓர் ஆள். அவ்வளவுதான்.

விரல் சொல்லும் உண்மை

கார்புரேட்டரின் பின்வாயில் மாட்டியுள்ள காற்றுப் பெட்டி ரப்பரைக் கழற்ற வேண்டும். டார்ச் அடித்தால் இரண்டு சிலைடுகளும் தெரியும்.

ஒவ்வொரு கார்புரேட்டரின் தலையிலும் கேபிளைத் தளர்த்தி இறுக்கும் திருகு ஒன்று உண்டு. முதலில் இரண்டு கேபிளையும் நன்றாகத் தளர்த்திவிட வேண்டும். சிலைடுகள் முழுதும் கீழே உட்காரட்டும்.

இப்போது பக்கவாட்டில் உள்ள ஸ்லோ ஸ்க்ரூ. இதை உள்ளே திருகினால் சிலைடு மெல்ல உயரும். இரண்டு சிலைடுகளுக்கும் அடியில் ஆளுக்கொரு டிரில் பிட்டின் காம்பைச் செருகி, பிட் லேசாக உரசிக்கொண்டு வெளியே வரும்வரை திருக வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே உரசல். ஆயிற்று; இரண்டு மதகும் ஒரே உயரம். பிட்டுகளை மறக்காமல் வெளியே எடுத்துவிட வேண்டும். ஒன்று உள்ளே விழுந்தால் என்ஜின் சட்னி!

அடுத்ததுதான் முக்கியமான கட்டம். மகன் ஆக்சிலேட்டரைப் பிடிக்கிறான். தகப்பனார் வண்டிக்குப் பின்னால் குந்தி, இடது கை விரலை ஒரு சிலைடிலும் வலது கை விரலை மற்றொரு சிலைடிலும் வைக்கிறார்.

"மெல்ல முறுக்குடா. இன்னும் மெல்ல."

"போதுமாப்பா?"

"இடதுதான் முதல்ல கிளம்புது. வலது தூங்குது."

கண் ஏமாறலாம். விரல் ஏமாறாது. மயிரிழை வித்தியாசத்தையும் அது கண்டுபிடித்துவிடும். இடது முந்தினால், வலது கேபிளின் திருகைச் சிறிது வெளியே எடுக்க வேண்டும். அந்தக் கேபிள் இறுகும். இல்லாவிட்டால் இடது திருகை உள்ளே விட வேண்டும், இது தளரும். கால் சுற்று திருகி, மறுபடி விரல் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே நொடியில் கிளம்பும்வரை இதுதான் வேலை. பத்து நிமிஷமும் ஆகலாம். ஒரு மணியும் ஆகலாம். அவசரம் கூடாது.

பிறகு லாக் நட்டை இறுக்க வேண்டும். இறுக்கும்போதே திருகு நகர்ந்துவிடுவது உண்டு. ஆகவே இறுக்கிய பின் இன்னொரு முறை விரல் சோதனை. முழுவதும் முறுக்கினால் இரண்டு சிலைடும் முழுவதும் மேலே போகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

ஆக்சிலேட்டரைச் சட்டென்று விட்டால் 'டக்' என்று இரண்டும் கீழே விழ வேண்டும். விழாமல் சிக்கினால் வண்டியை ஓட்டவே கூடாது.

ஏர் ஸ்க்ரூ என்று மற்றொன்று உண்டு. அதை மெதுவாக உள்ளே முட்டும்வரை திருகி, வண்டியின் கையேட்டில் சொன்ன அளவு வெளியே எடுக்க வேண்டும். பெரும்பாலும் ஒன்றரைச் சுற்று. இரண்டு பக்கமும் ஒரே கணக்கு.

காதை மட்டும் நம்பலாமா?

என்ஜினை ஓடவிட்டு, இந்த ஸ்க்ரூவை ஒரு திருகு, அந்த ஸ்க்ரூவை ஒரு திருகு என்று காதால் கேட்டே சரிசெய்பவர்கள் உண்டு. பழுத்த அனுபவசாலிக்கு அது கைவரும். மற்றவர்களுக்கு ஆகாது. ஏன்? ஒரு சிலிண்டரே முழுச் சுமையையும் தாங்கும்போதுகூட நின்ற இடத்தில் வண்டி அழகாகத்தான் உறுமும். குட்டு வெளிப்படுவது சாலையில்!

நான்கு ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு வேறு வழி. 2009-ல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த கவாசாகி நின்ஜா 250 வண்டிக்கும் இரண்டு கார்புரேட்டர். இந்த ரகத்துக்கு உறிஞ்சும் வேகத்தை அளந்து பார்ப்பார்கள். கொத்தனார் சுவர் மட்டம் பார்க்கத் தண்ணீர் டியூப் வைத்திருப்பாரே, அதைப் போன்றதுதான் கருவி. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டியூபை வளைத்துப் பலகையில் கட்டி, அடியில் கொஞ்சம் ஆயில் விட்டு, இரு முனைகளையும் இரண்டு கார்புரேட்டரின் உறிஞ்சு துளைகளில் மாட்டுவார்கள். எந்தப் பக்கம் அதிகம் உறிஞ்சுகிறதோ அந்தப் பக்கம் ஆயில் ஏறும். இரு பக்கமும் மட்டமாக நின்றால் ஜோடி சேர்ந்தது என்று பொருள். டியூப் நீளமாக இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் ஆயிலை என்ஜின் குடித்துவிடும். அந்நாளைய கருவிகளில் பாதரசம் இருந்தது. அது விஷம். வீட்டில் அதைத் தொடவே கூடாது.

கார்புரேட்டருக்கே காலம் மாறிவிட்டது. 2020 ஏப்ரலில் புதிய புகை விதி வந்த பிறகு, புது வண்டிகளில் பெரும்பாலானவை கம்ப்யூட்டர் அளந்து ஊற்றும் பெட்ரோலில் ஓடுகின்றன. ஜப்பான் மிக்குனி கம்பெனியின் கூட்டுடன் 1985-ல் தொடங்கிய கார்புரேட்டர் தொழிற்சாலை மறைமலைநகரில் இருக்கிறது. 2019-ல் செங்கல்பட்டு தனி மாவட்டமாகும் வரை, அதுவும் உத்திரமேரூரும் ஒரே காஞ்சிபுரம் மாவட்டம்தான்.

ஏரிக்கரை வரை ஓர் ஓட்டம்

வாசலில் நிற்கும் வண்டிக்குத் திரும்புவோம். காற்றுப் பெட்டியை மாட்ட வேண்டும். அது இல்லாமல் ஓட்டினால் காற்று மிஞ்சிப் பிஸ்டனுக்குக் கேடு. பெட்ரோல் குழாயைத் திறந்து, உதைத்துக் கிளப்ப வேண்டும். கொட்டகைக்குள் கிளப்பக் கூடாது. புகையில் நிறமும் மணமும் இல்லாத நச்சு வாயு உண்டு.

என்ஜின் சூடானதும் ஹேண்டில் பாரை இடமும் வலமும் முழுதாகத் திருப்ப வேண்டும். சத்தம் கூடினால் கேபிள் எங்கோ இழுபடுகிறது; சரிசெய்யாமல் சாலைக்குப் போகக் கூடாது. சைலன்சர்களுக்குப் பின்னால் அரை அடி தள்ளி உள்ளங்கைகளை நீட்டினால், இரண்டு பக்கத்து மூச்சும் ஒன்றுபோல் அடிக்க வேண்டும்.

பிறகு ஏரிக்கரை வரை நிதானமாக ஓர் ஓட்டம். வீடு திரும்பி, என்ஜின் ஆறியதும் இரண்டு பிளக்கையும் கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். ஒன்று வெள்ளையாக இருந்தால் அந்தப் பக்கம் பெட்ரோல் போதவில்லை. ஒன்று கறுத்து நனைந்திருந்தால் அங்கே பெட்ரோல் மிஞ்சுகிறது. இரண்டும் காப்பிப் பொடி நிறமாக இருந்தால், மகன் அவற்றைத் துடைத்து மாட்டிவிட்டு, கைகழுவச் சோப்பு எடுக்கப் போகலாம்.