பெயர் அச்சாகும் முன்னே

வீட்டிலிருந்தபடியே கேக், அபாயா, அச்சாறு, மெஹந்தி என்று சிறுதொழில் செய்யும் பெண்கள் இன்று நம் ஊர்களில் பெருகிவிட்டார்கள். பொருளின் தரத்தில் அவர்கள் காட்டும் கவனம் பெரிது. பெயர் விடயத்தில் மட்டும், மனதுக்குப் பிடித்த ஒன்றை இன்று தெரிவுசெய்து நாளையே லேபல் அடிக்கக் கொடுத்துவிடுகிறார்கள். வர்த்தகப் பிரிவில் கற்கும் மாணவி என்ற வகையில், இந்த இரண்டு நாட்களுக்கும் இடையில் செய்யவேண்டிய ஒரு வேலையைப் பற்றி எழுத விரும்புகிறேன்.

அமெரிக்காவின் ‘பர்கர் கிங்’ கடைகளை அவுஸ்திரேலியாவில் திறக்க ஜெக் கவின் என்பவர் உரிமை பெற்றார். ஆனால் அடிலெய்ட் நகரில் ஓர் உணவுக்கடை அதே பெயரை ஏற்கெனவே பதிந்து வைத்திருந்தது. ஆகவே 1971இல் பேர்த் நகரில் அவரது முதற்கடை ‘ஹங்கிரி ஜெக்ஸ்’ என்ற பெயரில் திறக்கப்பட்டது. இன்றும் அங்கே அதுதான் பெயர். கடை திறக்கு முன்பே விடயம் தெரிந்ததால் அது அவ்வளவோடு முடிந்தது. மைக்ரோசொப்ட் நிறுவனமோ ‘ஸ்கைடிரைவ்’ என்ற பெயரை உலகெங்கும் பழக்கிவிட்ட பிறகு, 2013இல் ஸ்கை தொலைக்காட்சி நிறுவனத்திடம் இங்கிலாந்து நீதிமன்றத்தில் தோற்றது. மறு ஆண்டு ‘வன்டிரைவ்’ என்று மாற்றிக்கொண்டது. மைக்ரோசொப்டிடம் பணம் இருந்தது. சீட்டுப் பணத்தில் ஆயிரம் பெட்டி அச்சடித்த ஒரு ராத்தாவிடம் அது இருக்காது.

“பிரதேச செயலகத்தில் பெயரைப் பதிந்துவிட்டேனே, பிறகென்ன?” என்று என் மாமி ஒருமுறை கேட்டார். பலரும் நினைப்பது இதைத்தான். அங்கே பதியப்படுவது வியாபாரப் பெயர். இன்னார் இந்தப் பெயரில் தொழில் நடத்துகிறார் என்பதற்கு அது சான்று, அவ்வளவே. பொருளின்மீது ஒட்டும் பெயருக்கு உரிமை தருவது வர்த்தகக் குறிப் பதிவு. அது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்கீழ், கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் நடைபெறுவது. தேடலையும் அங்கிருந்தே தொடங்கவேண்டும்.

எதைத் தேடுவது? எழுத்துக்கு எழுத்து அதே பெயர் இல்லை என்பது போதாது. பொதுமக்களை மயங்கச் செய்யும் அளவுக்கு ஒத்த பெயர் இருந்தாலும் பதிவு மறுக்கப்படலாம். நம்மவர்கள் விரும்பும் அறபுப் பெயர்களில் இந்தச் சிக்கல் அதிகம். ‘நூர்’ என்பதை ஆங்கிலத்தில் இரண்டு ‘ஓ’ போட்டும் எழுதலாம், ஒரு ‘யூ’ போட்டும் எழுதலாம். கண்ணுக்கு வேறு, காதுக்கு ஒன்று. தமிழிலும் சிங்களத்திலும் எழுதினால் அந்த வித்தியாசமும் மறைந்துவிடும். ஆகவே வாய்விட்டுச் சொல்லிப்பார்த்து, எழுதக்கூடிய எல்லா வடிவங்களிலும் தேடுவதே சரி.

அடுத்தது வகுப்பு. பொருட்களும் சேவைகளும் சர்வதேச முறைப்படி 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. ஆடைகள் 25இல், கேக் 30இல், அச்சாறு 29இல். ஒருவர் ஆடைக்கு வைத்த பெயர் இன்னொருவரின் கேக்குக்குக் கிடைக்க இடமுண்டு. ஆனால் நாடறிந்த பெரிய பெயர்களை நெருங்காதிருப்பதே நல்லது. அவற்றுக்குப் பாதுகாப்பு அகலமானது. ‘சுவையான கேக்’ போன்று பொருளையே விவரிக்கும் பெயர்களும் பதிவாகா. அதை ஒருவருக்கே கொடுத்துவிட்டால் மற்றவர்கள் தங்கள் கேக்கை எப்படித்தான் விற்பது?

பதிவேட்டோடு நின்றுவிடவும் கூடாது. பதியாமலேயே ஒருவர் அதே வகைப் பொருளுக்கு முன்பிருந்தே அப்பெயரைப் பயன்படுத்திவந்து, அது உங்களுக்குத் தெரிந்திருந்தால், சட்டம் அவர் பக்கமும் பார்க்கிறது. பேஸ்புக், இன்ஸ்டகிராம், பக்கத்து ஊர்க் கடைப் பலகைகள் எல்லாவற்றிலும் ஒரு கண் வையுங்கள். என்னைக் கேட்டால், ஒரே பெயரில் மனதைக் கட்டிப்போடாமல் மூன்று பெயர்களோடு தேடலுக்குப் போவேன்.

தடை எதுவும் தென்படாவிட்டால் விண்ணப்பிக்கலாம். ஏற்கப்பட்ட பெயர் வர்த்தமானியில் வெளிவரும். ஆட்சேபிக்க மற்றவர்களுக்கு மூன்று மாத அவகாசம் உண்டு. பதிவு 10 ஆண்டுகள் செல்லும், பின்னர் புதுப்பிக்கலாம். தேடிவிட்டு விண்ணப்பத்தை மாதக்கணக்கில் தள்ளிப்போட்டால், இடையில் வேறொருவர் முந்திக்கொள்ளக்கூடும்.