திருவல்லிக்கேணி வீட்டில் இருந்த முகம்

1936-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், மறுநாள் இங்கிலாந்துக்குப் புறப்பட வேண்டியவராயிருந்த ஓர் இளைஞர், பல நாட்களாக விசாரித்தும் கிடைக்காதிருந்த ஒரு விலாசத்தைக் கடைசியில் ஒருவாறு தெரிந்துகொண்டு, சென்னைத் திருவல்லிக்கேணியில் மிக எளிய வீடொன்றின் வாசலில் வந்து நின்றார். வந்தவர், பின்னாளில் நோபல் பரிசு பெறவிருந்த வான்பௌதிக அறிஞர் சுப்பிரமணியன் சந்திரசேகர். அவர் தேடி வந்தது, கணித மேதை ஸ்ரீநிவாச ராமானுஜனின் மனைவி ஜானகி அம்மாளை. அவர் வேண்டி வந்தது, ஒரேயொரு புகைப்படம்.

கேம்பிரிட்ஜில் ராமானுஜனின் மேதையை இனங்கண்டு உலகுக்கு அறிவித்த பேராசிரியர் ஹார்டி, அவருடைய கணிதத்தைப் பற்றிய தம் சொற்பொழிவுகளை நூலாக வெளியிடும்போது அதில் அவருடைய திருவுருவமும் இடம்பெற வேண்டுமென்று ஆசைப்பட்டார். ஆனால் அவருக்குக் கிடைத்திருந்ததோ பட்டதாரியின் அங்கியும் தொப்பியும் தரித்த படம் ஒன்றுதான். அந்த வேஷம் தம் நண்பரைப் பரிகாசத்துக்குரியவராகக் காட்டுகிறது என்பது ஹார்டியின் மனக்குறை. ஆகவே, அவ்வருஷம் ஜூலையில் தாயகம் திரும்பவிருந்த சந்திரசேகரிடம், இதைவிட நல்ல படம் அகப்படுமா என்று பார்த்துவரும்படி அவர் சொல்லியனுப்பினார். ராமானுஜன் காலமான செய்தியை ஒன்பது வயதில் தாயார் சொல்லக் கேட்டு, அதை ஆயுள் முழுவதும் மறவாதிருந்த சந்திரசேகருக்கு அது வெறும் ஏவலாகத் தோன்றியிராது.

ஜானகி அம்மாளிடம் தனியாக எடுத்த புகைப்படம் எதுவும் இருக்கவில்லை. தம் கணவரின் பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் படம் ஒன்றுதான் உண்டு என்றார். 1919-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஐந்து வருஷகாலச் சீமைவாசத்துக்குப் பிறகு ஊர் திரும்புவதற்காக, லண்டனில் பெற்ற பாஸ்போர்ட் அது. பதினேழு வருஷங்கள் கழிந்தும் அந்தச் சிறிய படம், அதிலிருந்து நெகட்டிவ் எடுத்துப் பிரதிகள் போடும் அளவுக்குத் தெளிவாகவே இருந்தது. 1940-இல் வெளிவந்த ஹார்டியின் நூலில் நாம் காண்பது அந்த முகந்தான்.

அதைச் சற்று நின்று பாருங்கள். கழுத்தை இறுக்கிய காலர், டை, கனத்த கோட்டு. 1914-இல் கப்பலேறுமுன் குடுமியைக் களைந்த தலையில் கத்தரித்த கிராப்பு. நேரே நம்மைப் பார்க்கும் அகன்ற விழிகள். அந்த முகத்தில் நோயின் சாயையும் மேதையின் சோபையும் ஒருங்கே இருப்பதை ஹார்டி உடனே கண்டுகொண்டார். 1917 முதல் ஆஸ்பத்திரிகளிலும் சானடோரியங்களிலும் நாட்களைக் கழித்தவரல்லவா! அந்தப் பாஸ்போர்ட்டுடன் அவர் பம்பாய்க் கரையில் இறங்கியது 1919 மார்ச் மாதத்தில். சென்னைச் சேத்துப்பட்டில் உயிர் நீத்தது 1920 ஏப்ரல் 26-ஆம் தேதி.

ஓவியன் முன் அமர்கிறவரும், ஸ்டூடியோவில் வர்ணத்திரைக்கு எதிரே பூந்தொட்டியின் பக்கத்தில் கைவைத்து நிற்கிறவரும், பின்னால் வருகிறவர்கள் தம்மை எப்படி நினைக்க வேண்டுமென்று விரும்புகிறார்களோ அந்தக் கோலத்தையே தரித்துக்கொள்கிறார்கள். துறைமுக அதிகாரி சரிபார்ப்பதற்காக எடுக்கும் படத்திலோ அத்தகைய சங்கற்பம் எதற்கும் இடமில்லை. அதனாலேயே, ராமானுஜனின் மற்றப் படங்களைவிட இது அவருடைய அந்தரங்கத்துக்கு அருகில் நிற்கிறது என்பது என் துணிபு. இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தப் படம் பிழைத்ததே, அது ஒரு பத்திரத்தின் அங்கமாக, பெயருடனும் முத்திரையுடனும் பிணைந்து கிடந்ததால்தான்.

ராமானுஜனின் கணிதத் தாள்களுக்கு நேர்ந்த கதியை இதனருகே வைத்துப் பார்த்தால் நெஞ்சு துணுக்குறுகிறது. அவருடைய கடைசி வருஷத்துக் கண்டுபிடிப்புகள் 100-க்கும் மேற்பட்ட பக்கங்களில் அடங்கிய தாள்கள், சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து ஹார்டிக்கு அனுப்பப்பட்டு, அவரிடமிருந்து பர்மிங்ஹாம் பேராசிரியர் வாட்ஸனின் கைக்குப் போயின. 1965-இல் வாட்ஸன் மறைந்தபின் அவர் வீட்டுக்குச் சென்ற விட்டேக்கர் என்னும் கணித அறிஞர், எரிப்பதற்கென்று தரையெங்கும் பரப்பியிருந்த காகிதக் குவியலினிடையே அவற்றைக் கண்டெடுத்தார். பின்னர் டிரினிட்டி கல்லூரி நூல்நிலையத்தைச் சேர்ந்த அத்தாள்களை, 1976-இல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் அடையாளங்கண்டு, அவை இன்னவை என்று உலகுக்குத் தெரிவித்தார். கற்றோர் இல்லத்தில் காகிதங்கள் நெருப்புக்கு அருகில் கிடக்க, இளம் வயதிலேயே கைம்மை எய்தித் தையல் தொழிலால் ஜீவித்த ஓர் அம்மையாரின் வீட்டில் அந்தப் பாஸ்போர்ட் கசங்காமல் இருந்தது. ஆவணக் காப்பாளர் என்று எவரும் அவரை அழைத்ததில்லை. ஆனால் அந்தப் பெயருக்கு அவரைவிட உரியவர் எவர்?

அந்த முகம் பிறகு வெகுதூரம் போயிற்று. கணவருக்குச் சிலை வைப்பதாகச் சொன்னவர்கள் வைக்கவில்லையே என்று ஜானகி அம்மாள் முதுமையில் ஒரு பத்திரிகைப் பேட்டியில் வருந்திச் சொல்ல, அதைக் கேள்வியுற்ற அமெரிக்கக் கணித அறிஞர் ரிச்சர்ட் ஆஸ்கே பலரிடம் பொருள் திரட்ட, மின்னெசோட்டாவைச் சேர்ந்த சிற்பி பால் கிரான்லண்ட், அந்தப் பாஸ்போர்ட் படத்தையே ஆதாரமாகக் கொண்டு வெண்கலத்தில் மார்பளவுச் சிலைகளை வார்த்தளித்தார். அவற்றுள் ஒன்று ஜானகி அம்மாளுக்கே வந்து சேர்ந்தது. 1994-இல் அவர் காலமாகுமுன் அதைக் கண்ணாரக் கண்டார் என்பதில் எனக்குப் பெரிய ஆறுதல்.

குடும்பத்தாரின் கடிதங்களையும் கணக்குகளையும் பெற்றுப் பாதுகாக்கும் ஆவணக்களரிகளில், படத்துக்கும் பத்திரத்துக்கும் உள்ள இந்தப் பிணைப்பைக் காக்க ஒரு வழக்கமுண்டு. கடிதத்தோடு வந்த படத்தை, அதன் நலன் கருதித் தனி உறையில் வைக்க நேர்ந்தால், எடுத்த இடத்தில் அது எங்கே போயிற்றென்று ஒரு குறிப்புத் தாளை வைத்துவிடுவார்கள். அந்த உறவு அறுந்தால், எஞ்சுவது யாரோ ஒரு தலைப்பாகைக்காரர், யாரோ ஒரு மூக்குத்திப் பெண்மணி என்பதை அவர்கள் அறிவார்கள்.

நம் வீடுகளிலோ, சுவரில் சந்தனப் பொட்டும் மாலையுமாக இருக்கும் படம், வீட்டுக்கு வெள்ளையடிக்கும் நாளில் இறங்கிப் பரணுக்குப் போகிறது. அதற்குரிய கடிதங்கள் பழைய காகிதக் கடைக்குப் போகின்றன. பரணில் ஈரமும், பசையை நாடி வரும் ராமபாணப் பூச்சியும் காத்திருக்கின்றன. ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டால் பிய்த்து எடுக்கலாகாது. பிய்த்தால் முகமே கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியின் மேலாகவே பிரதி எடுத்துக்கொண்டு, மூலத்தை அப்படியே வைப்பது உசிதம். பாஸ்போர்ட்டிலோ, சர்வீஸ் புத்தகத்திலோ, பழைய அடையாள அட்டையிலோ ஒட்டியிருக்கும் படத்தை, பெரிதுபடுத்திச் சட்டமிடுவதற்கென்று உரித்தெடுக்க வேண்டாம். லாமினேட் செய்யவும் வேண்டாம்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, பழைய படங்கள் கிடக்கும் டிரங்குப் பெட்டியைத் திறந்து, வீட்டில் வயதில் மூத்தவர் யாரோ அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, ஒவ்வொரு முகத்துக்கும் பெயர், ஊர், உறவு, ஞாபகமிருந்தால் வருஷம் என்று கேட்டு, படத்தின் பின்புறத்து ஓரத்தில் மிருதுவான பென்சிலால் எழுதி வையுங்கள். பேனா வேண்டாம், மை மறுபுறம் ஊறும்.