சுளுக்கு போச்சு, வலி போகலையா?



வரப்பில் நடக்கும்போதோ, தண்ணீர்க் குடத்தோடு படி இறங்கும்போதோ கால் பிசகிடுது. கரண்டை வீங்கிடுது. சுளுக்கு எடுப்பவரிடம் போய் உருவிக்கொள்கிறோம். வீக்கம் வடிந்ததும் நடவுக்குக் கிளம்பிவிடுகிறோம். ஆனால் பல மாதம் கழித்தும், "குந்தி எழுந்தா வலிக்குது, அடிக்கடி கால் மடங்குது" என்று குழுக் கூட்டங்களில் பலர் சொல்லக் கேட்கிறோம். இது ஏன்?

கணுக்கால் எலும்புகளைக் கயிறு மாதிரி கட்டி வைத்திருப்பவை நார்கள். பாதம் உள்பக்கமாக மடங்கும்போது வெளிப்பக்க நார் இழுபடுகிறது. சில நேரம் கிழிந்தும் விடுகிறது. கால் எப்படி ஊன்றியிருக்கிறது என்று மூளைக்குத் தகவல் சொல்வதில் இந்த நாருக்கும் பங்கு உண்டு. அடிபட்டால் அந்தத் தகவல் சரியாகப் போகாது. சுற்றியுள்ள தசையும் பலம் குறைந்துவிடும். அதனால்தான் கால் மறுபடி மறுபடி மடங்குகிறது, வலியும் தங்கிவிடுகிறது.

முதல் 2, 3 நாள் என்ன செய்யணும்?

காலுக்கு ஓய்வு கொடுங்கள். துணியில் சுற்றிய ஐஸ் கட்டியை 15 நிமிடம் வையுங்கள். படுக்கும்போது காலைத் தலையணை மேல் வையுங்கள். உருவி விடுவதும், சூடு ஒத்தடமும் இப்போது வேண்டாம், வீக்கம் கூடும்.

வலி குறைந்ததும், தினமும் 2 வேளை:

1. காலை நீட்டி உட்கார்ந்து, கட்டைவிரலால் காற்றில் அ, ஆ எழுதுங்கள்.
2. பாதத்தில் துண்டை மாட்டி, முழங்காலை மடக்காமல் உங்கள் பக்கம் இழுத்து 30 விநாடி பிடியுங்கள்.
3. சுவரைப் பிடித்தபடி இரண்டு குதிகாலையும் 10 முறை தூக்கி இறக்குங்கள்.
4. சுவர் ஓரமாக, அடிபட்ட காலில் மட்டும் 30 விநாடி நிற்கப் பழகுங்கள். கால் திரும்பத் திரும்ப மடங்காமல் இருக்க இதுதான் முக்கியம்.

வலி போயிடுச்சே என்று பாதியில் விடாதீர்கள். ஆறு வாரமாவது செய்யுங்கள்.

4 அடிகூட நடக்க முடியாவிட்டாலோ, கரண்டை எலும்பைத் தொட்டாலே வலித்தாலோ உடனே டாக்டரிடம் காட்டுங்கள்; எலும்பு முறிந்திருக்கலாம். சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்களுக்கு வலி தெரியாது. அவர்கள் ஐஸ் வைக்காமல் நேரே டாக்டரிடம் போகணும்.

பழைய வலி உள்ளவர்களும் கவலைப்பட வேண்டாம். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் பிசியோதெரபி பிரிவு எங்கே என்று கேட்டுப் போங்கள். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும் இந்தச் சிகிச்சை சேர்க்கப்பட்டது. கிராம சுகாதார செவிலியரிடம் விசாரியுங்கள்.

"ஒரு வாரக் கூலி போகுமே" என்று நினைக்கிறோம். கவனிக்காமல் விட்டால் வருஷக்கணக்கில் வேலை கெடும். அடுத்த குழுக் கூட்டத்தில் எல்லோரும் ஒற்றைக் காலில் நின்று பார்ப்போமா? யாருக்குக் கால் தடுமாறுகிறதோ, அவருக்கு இந்தப் பயிற்சியைச் சொல்லிக் கொடுப்போம்.