ஜாஸ் கேட்கலாம் வாங்க, பயப்படாமல்!

"ஜாஸ்னா, பெரிய ஓட்டல் லிஃப்ட்ல மெல்லிசா ஓடுமே, அதுதானே?" என்று பக்கத்து சீட் நண்பர் கேட்டார்.

இல்லை சார். அது ஜாஸுக்கு தூரத்துச் சொந்தம். கல்யாணப் பந்தியில் மட்டும் கண்ணில் படுகிற சொந்தம்.

எதிலிருந்து ஆரம்பிப்பது என்று அடுத்த கேள்வி போட்டார். நான் உடனே பதில் சொல்லவில்லை. இதே கேள்விக்குப் பந்தாவாகப் பதில் சொல்லி ஒரு பாவம் செய்தவன் நான்.

2013. திருவல்லிக்கேணி மேன்ஷன். நான் பி.காம். முடித்துவிட்டு ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வவுச்சர்களுக்கு டிக் அடித்துக்கொண்டிருந்தேன். என் ரூம்மேட் அப்பா இறந்த பிறகு வாரிசு வேலையில் சேர்ந்தவர். ஆறு வருஷம் மிருதங்கம் கற்றவர். வேலை வந்ததும் மிருதங்கம் ஊரில் பரணுக்குப் போய்விட்டது. கை மட்டும் சும்மா இருக்காது. பக்கெட், எவர்சில்வர் டம்ளர், என் முதுகு என்று எது கிடைத்தாலும் தாளம்தான்.

"நீங்க கேக்கறதுல நல்லதா ஒண்ணு குடுங்களேன்" என்றார். நான் கொடுத்தது ஜான் கோல்ட்ரேனின் 'அசென்ஷன்'. 1965-ல் பதினோரு பேர் ஒரே அறையில் நின்று சுமார் நாற்பது நிமிஷம் ஊதித் தள்ளிய சமாசாரம். எனக்கே புரியாதது. கஷ்டமானதைக் கொடுத்தால் நம்மைப் பெரிய ஆளாக நினைப்பார் என்று ஒரு அல்ப ஆசை, அவ்வளவுதான். பத்து நிமிஷத்தில் இயர்போனைக் கழற்றி வைத்தார். "கோயம்பேட்டுல எல்லா பஸ்ஸும் ஒரே நேரத்துல கிளம்பற மாதிரி இருக்கு. நமக்கு இதெல்லாம் சரிப்படாது." அதோடு சரி. அப்புறம் கேட்கவே இல்லை.

அவருக்கு நான் கொடுத்திருக்க வேண்டியது டேவ் ப்ரூபெக் குழுவின் 'டைம் அவுட்'. ஆண்டு 1959. அதற்கு முந்தைய வருஷம் அமெரிக்க அரசாங்கம் இந்தக் குழுவை நாடு நாடாக அனுப்பி வைத்தது. துருக்கிக்கும் போனார்கள், நம் இந்தியாவுக்கும் வந்தார்கள். துருக்கித் தெருவில் வாசித்துக்கொண்டிருந்தவர்களிடம் ஒரு ஒன்பது அட்சரக் கணக்கைக் கேட்டு ப்ரூபெக் அசந்துபோனார். அதுதான் முதல் உருப்படி, 'ப்ளூ ரோண்டோ'. தக தக தக தகிட என்று வாயால் சொல்லிக்கொண்டே கேளுங்கள், கச்சிதமாக உட்காரும். அமெரிக்கர்களுக்கு இது விநோதம். நம்மூர் மிருதங்கப் பையனுக்கு இரண்டாம் வருஷப் பாடம்.

அதே ஆல்பத்தில் 'டேக் ஃபைவ்'. தகிட தக, தகிட தக என்று ஐந்து அடி. எழுதியவர் சாக்ஸபோன் வாசித்த பால் டெஸ்மண்ட். 1977-ல் இறந்தபோது தன் பாட்டுகளின் ராயல்டியை அமெரிக்க செஞ்சிலுவைச் சங்கத்துக்கு எழுதி வைத்துவிட்டுப் போனார். காமர்ஸ் படித்தவனுக்கு இந்த மாதிரி வரவு செலவுதான் முதலில் கண்ணில் படுகிறது.

தாளத்தைவிட ராகத்தில் காது உள்ளவரா நீங்கள்? மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'. இதுவும் 1959தான். நியூயார்க்கில் சர்ச்சாக இருந்து ஸ்டூடியோவாக மாறிய ஒரு கட்டடத்தில் மார்ச் 2, ஏப்ரல் 22 என்று இரண்டே நாள் வேலை. ஒத்திகை கிட்டத்தட்ட கிடையாது. டேவிஸ் துண்டுக் குறிப்புகளோடு வந்து, இந்தெந்த ஸ்வர வரிசை, மற்றபடி உங்கள் இஷ்டம் என்று விட்டுவிட்டார். முழு ராகம் என்று சொல்ல முடியாது, ஆனால் ஆலாபனை கேட்டுப் பழகிய காதுக்கு அந்நியமாகவும் இருக்காது. முதல் உருப்படி 'சோ வாட்'. பாஸ் ஏதோ கேட்கிறது, மற்றவர்கள் இரண்டே ஸ்வரத்தில் "அதனால என்ன?" என்கிறார்கள். பாஸ் மறுபடி கேட்கிறது. மறுபடி "அதனால என்ன?" அப்ரைசல் முடிந்து வருகிற சாயங்காலம் கேட்டுப் பாருங்கள், சம்பள உயர்வு வந்த மாதிரி இருக்கும்.

ஒரு வேடிக்கை. முதல் நாள் ஸ்டூடியோவில் டேப் மெஷின் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. அதனால் ரெக்கார்டில் மூன்று உருப்படிகள் சற்று வேகமாக, சுருதி ஏறி வந்துவிட்டன. கூடவே வாசித்துப் பழகின பிள்ளைகள் முப்பது வருஷம் தங்கள் வாத்தியத்தைச் சந்தேகப்பட்டிருப்பார்கள். 1992 பதிப்பில்தான் சரிசெய்தார்கள்.

மூன்றாவதாக கீத் ஜாரெட்டின் 'கோல்ன் கான்சர்ட்'. 1975 ஜனவரி 24, ஜெர்மனி. ஏற்பாடு செய்தது பதினெட்டு வயசுப் பெண். மேடையில் வந்து உட்கார்ந்திருந்தது தப்பான பியானோ. சின்னது. மேல் ஸ்தாயி தகரம், கீழ் ஸ்தாயியில் கனம் இல்லை, பெடல் சரியில்லை. ஜாரெட்டுக்கோ முந்தின ராத்திரி தூக்கம் கிடையாது, முதுகு வலி வேறு. முடியாது என்றுவிட்டார். அந்தப் பெண் கெஞ்சி மேடை ஏற்றினாள். நடு ஸ்தாயியை மட்டும் நம்பி, இடது கையால் ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் போட்டு, ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்போதைக்குத் தோன்றியதை வாசித்தார். உலகத்தில் அதிகம் விற்ற தனிப் பியானோ ஆல்பங்களில் அதுவும் ஒன்று. நடுநடுவே அவர் முனகுவதும் பதிவாகியிருக்கிறது. என் மனைவிக்கு அது பிடிக்காது. எனக்கு அது இல்லாமல் கேட்க முடியாது.

பாட்டுக் குரல் வேண்டும் என்பவர்களுக்கு 1956-ல் வந்த 'எல்லா அண்ட் லூயிஸ்'. ஒருவர் குரல் வெண்ணெய், இன்னொருவர் குரல் சரளைக்கல்.

இவை பழகின பிறகு கோல்ட்ரேனிடம் வரலாம். அப்போதும் 'அசென்ஷன்' வேண்டாம், 'எ லவ் சுப்ரீம்'. 1964 டிசம்பர் 9 அன்று பதிவானது. போதையிலிருந்து மீண்ட மனுஷன் கடவுளுக்குச் சொன்ன நன்றி. கடைசிப் பகுதியில் தான் எழுதிய ஒரு பிரார்த்தனையை அசை அசையாக சாக்ஸபோனில் வாசிக்கிறார். வாயைத் திறக்காமல் பாடுகிறார் என்றுதான் சொல்ல வேண்டும். ராத்திரி, தனியாக, வேறு வேலை எதுவும் செய்யாமல் கேளுங்கள். காய்கறி நறுக்கிக்கொண்டே கேட்டால் விரல் போகும்.

கடைசியாக, நம் வீட்டு வாசல்வரை வந்த ஜாஸ். கிதார் வாசிக்கும் ஜான் மக்லாஃப்லின், எல்.சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபலா, ராகவன் மிருதங்கம், விக்கு விநாயக்ராம் கடம். 1975-ல் நியூயார்க் பக்கம் ஒரு கல்லூரியில் நேரடியாகப் பதிவான 'சக்தி' குழுவின் முதல் ஆல்பம். நியாயமாகப் பார்த்தால் ரூம்மேட்டுக்கு நான் முதலில் கொடுத்திருக்க வேண்டியது இதுதான்.

அவர் 2016-ல் மாற்றலாகித் தென்காசிப் பக்கம் போய்விட்டார். பொங்கல், தீபாவளிக்கு ஒரு மெசேஜ், அவ்வளவுதான். போன வாரம் 'டேக் ஃபைவ்' அனுப்பினேன். "பஸ் ஸ்டாண்ட் இல்லை, பயப்படாதீங்க" என்று ஒரு வரி. மூன்று நாள் சத்தமே இல்லை. நாலாம் நாள் ராத்திரி பதினோரு மணிக்கு பதில் வந்தது.

"பரண்லேர்ந்து எறக்கியாச்சு. வலந்தலை கிழிஞ்சு கெடக்கு. மெட்ராஸ்ல நல்லா மூட்டிக் குடுக்கறவங்க யாராச்சும் இருந்தா விசாரிச்சு சொல்லுங்க."

விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.