ஒரே மரம், வெவ்வேறு ஈரம்

கொடைக்கானலைச் சுற்றிப் பழனி மலையின் மேல்தட்டில் நிற்கும் தைல மரம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. உலர்ந்த கட்டையின் எடையோடு ஒப்பிட்டே மரத்தின் ஈரத்தைச் சதவீதமாகச் சொல்கிறார்கள். அதனால் பச்சை மரத்தில் அது 100ஐத் தாண்டுவதும் உண்டு.

அந்த ஈரம் மரம் முழுக்க ஒரே அளவில் இருப்பதில்லை. வேரிலிருந்து நீரை மேலே ஏற்றுவது வெளிப்புறத்து வெளிறு. உள்ளே வைரம் பாயும்போது நீர்க்குழாய்கள் அடைபடுகின்றன. வைரம் என்றாலே காய்ந்தது என்று நினைத்துவிடக் கூடாது. தைல மர வகைகள் சிலவற்றில் வைரத்தில்தான் ஈரம் கூடுதல். அடைபட்ட குழாய்களின் வழியே அந்த நீர் எளிதில் வெளியேறாது. தச்சருக்குத் தலைவலி அதுதான்: அவசரப்பட்டு உலர்த்தினால் மரத்தின் செல்கள் உள்ளே அமுங்கி, பலகையின் முகம் அலை அலையாய் நெளிந்துவிடும்.

பொதுவாக, ஈரம் 30 சதவீத அளவுக்குக் கீழே இறங்கிய பிறகே மரம் சுருங்கத் தொடங்கும். வளர்ச்சி வளையத்தை ஒட்டிய திசையில் ஏற்படும் சுருக்கம், மையத்திலிருந்து வெளிநோக்கிய திசையில் ஏற்படுவதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. நீளவாக்கில் மிகச் சொற்பம். மையத்தை ஒட்டிய இளங்கட்டையும், சாய்ந்த மரத்தின் மேல்பக்கத்தில் உருவாகும் இழுவைக் கட்டையும் இதற்கு விலக்கு. இவை நீளத்திலும் சுருங்கும். மலைச்சரிவில் சாய்ந்த மரங்களுக்கா பஞ்சம்!

சுமார் 2,100 மீட்டர் உயரத்து மூடுபனியில் உலர்ந்த பலகை, மதுரை வெயிலுக்கு இறங்கியதும் மறுபடி ஈரம் இழக்கும். வாங்கியவர்கள் அதைச் சில வாரம் காற்றோட்டமாக அடுக்கி வைத்து, பிறகு இழைப்பது நல்லது.