மார்பகப் புற்றுநோயும் நோயாளியின் அறிவும்

திருவள்ளுவர் மருத்துவத்தை நோயுற்றவர், மருத்துவர், மருந்து, உடனிருந்து துணைசெய்பவர் என நான்கு கூறாக வகுத்தார். அவற்றுள் நோயுற்றவரையே முதற்கண் வைத்தமை சிந்திக்கற்பாலது. நம்மவர் இல்லங்களிலோ ஒரு பெண்ணை மார்பகப் புற்றுநோய் பற்றியவிடத்துப் பெரும்பாலும் நிகழ்வது வேறு. வைத்தியர் கூறுவனவற்றைக் கணவனோ மைந்தனோ கேட்டுக்கொள்கின்றனர். அறிக்கையும் அவர்கள் கையிலேயே இருக்கின்றது. நோயுற்றவளுக்குக் கிடைப்பது "ஒன்றுக்கும் பயப்படவேண்டாம்" என்னும் ஆறுதல் மாத்திரமே. அன்பினாற் செய்யப்படும் இச்செயல் தீங்காய் முடிதலும் உண்டு.

உடல்நலம் பற்றிய செய்திகளைத் தேடிப் பெற்று, விளங்கி, அவற்றைக்கொண்டு தக்க முடிவு செய்யும் ஆற்றலைச் சுகாதார எழுத்தறிவு என்பர். பேராசிரியர் டொன் நட்பீம் 2000 ஆம் ஆண்டில் இதனை மூன்று படிகளாக வகுத்துக் காட்டினார். சொல்லியதையும் எழுதியதையும் விளங்கிக்கொள்ளல் முதலாம் படி. வினாவியும் உரையாடியும் தெளிதல் இரண்டாம் படி. கேட்டவற்றைச் சீர்தூக்கிக் கொள்வன கொண்டு தள்ளுவன தள்ளல் மூன்றாம் படி.

முதலாம் படியை நோக்குவோம். நம் நாட்டில் இழையப் பரிசோதனை அறிக்கைகள் ஆங்கிலத்திலேயே எழுதப்படுகின்றன. அவற்றில் 'நிலை' என்பது நோய் எவ்வளவு தூரம் பரவியுள்ளது என்பதைக் குறிக்கும். அது நான்கு வகைப்படும். 'தரம்' என்பது புற்றுநோய்க் கலங்கள் இயல்பான கலங்களிலிருந்து எவ்வளவு வேறுபட்டுள்ளன என்பதைக் குறிக்கும். அது மூன்று வகைப்படும். மூன்றாந் தரத்தை மூன்றாம் நிலையென மயங்கி மனமுடைவோர் உளர். அவ்வாறே, ஈஸ்திரோஜன் வாங்கி 'பொசிற்றிவ்' என்றிருப்பின் அதனைத் தீச்செய்தியெனக் கொள்வர். உண்மையில், தமொக்சிபென் போன்ற குளிகைகள் பயன்தரக்கூடும் என்பதே அதன் பொருள். அத்தகையோர் தமொக்சிபெனை ஐந்தாண்டு உட்கொள்ளின், முதற் பதினைந்தாண்டுகளில் அந்நோயால் இறக்கும் ஆபத்து ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு குறைகின்றது.

இங்கு என் குற்றமொன்றையும் கூறுதல் வேண்டும். என் சிறிய தாயார் பலருக்கு எழுத்தறிவித்த ஆசிரியை. சத்திரசிகிச்சை முடிந்து ஓராண்டு கழிந்ததும், உடல் தேறிற்றெனக் கருதிக் குளிகையை நிறுத்திவிட்டார். ஐந்தாண்டு உட்கொள்ள வேண்டுமென வைத்தியர் என்னிடமே கூறியிருந்தார். யான் அதனை அவருக்கு எடுத்துரைக்கவில்லை. நான்கு மாதங்களின் பின்னரே அறிந்து, வைத்தியரிடம் சென்று மீண்டும் தொடங்கினோம். அக்குளிகை நோவைத் தணிப்பதற்கன்று, கண்ணுக்குப் புலப்படாது எஞ்சியிருக்கக்கூடிய கலங்களை அடக்குவதற்கு என்பதை முன்னரே அறிந்திருப்பின் அவர் நிறுத்தியிரார்.

இரண்டாம் படி வினாவுதல். மார்பகம் முழுவதையும் அகற்றுதல் எல்லோர்க்கும் இன்றியமையாததன்று. ஆரம்ப நிலையிலுள்ள பலருக்குக் கட்டியை மாத்திரம் அகற்றிக் கதிர்ச்சிகிச்சை அளிப்பினும் ஆயுள் குறைவதில்லை என்பதை, அமெரிக்க மருத்துவர் பேர்னாட் பிஷரும் அவர்தம் குழுவினரும் 1985 இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. 'எனக்கு அது பொருந்துமா?' எனக் கேட்க அவளுக்கு உரிமையுண்டு. இரசாயன மருந்தேற்றும் காலத்தில் 38 பாகை செல்சியசுக்கு மேற் காய்ச்சல் கண்டால், விடியட்டும் என்றிராது உடனே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். இத்தகையவற்றைக் கேட்டபின், தான் விளங்கிக்கொண்டதைத் தன் சொற்களிலேயே வைத்தியரிடம் அல்லது தாதியிடம் திருப்பிச் சொல்லிப் பார்த்தல் நன்று. பிழையிருப்பின் அங்கேயே திருத்தப்படும்.

மூன்றாம் படி சீர்தூக்கல். 'கத்தி பட்டாற் பரவும்', 'ஒட்டிக்கொள்ளும் நோய்' என்பன அயலார் கூறும் மொழிகள். இவ்விரண்டும் உண்மையல்ல. முதலாவதை நம்பிச் சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போட்டோரும், இரண்டாவதற்கு அஞ்சித் தமக்கெனத் தனிப் பாத்திரம் வைத்துக்கொண்டோரும் உளர்.

மகரகமையில் மாத்திரமன்றித் தெல்லிப்பழையிலும் இன்று புற்றுநோய் வைத்தியசாலை உண்டு. எனினும் அங்கு வழங்கப்படும் சிகிச்சை முழுப்பயன் தருவதற்கு நோயாளியின் அறிவும் வேண்டும். இக்கல்லூரியிற் கற்ற நாம், வள்ளுவர் கூறிய துணைசெய்பவராக ஒருநாள் வைத்தியர் முன் செல்ல நேரின், அவருக்கு அருகிலுள்ள ஆசனத்தில் அவளையே இருத்துவோமாக. அறிக்கையை அவள் கையிற் கொடுத்து, ஆங்கிலத்தைத் தமிழில் எடுத்துரைத்து, அவள் வினாவும்வரை பொறுத்திருப்போமாக.