குழந்தைக்கு ஷிப்ட் மாறாது

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரனும் என். விசுவநாதனும் வயல் சுண்டெலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். குட்டிகளுக்குப் பகல் எது, இரவு எது என்று வெளிச்சத்தால் தெரியாதபடி செய்துவிட்டு, தாயை மட்டும் 12 மணி நேரம் உடன் விட்டார்கள். அடுத்த 12 மணி நேரம் பிரித்து வைத்தார்கள். குட்டிகளின் உடல் கடிகாரம் தாயின் வரவையும் பிரிவையும் பிடித்துக்கொண்டு ஓடியது. 1985-இல் ‘நேச்சர்’ இதழ் அந்த ஆய்வை வெளியிட்டது. தமிழ்நாட்டில் நடந்த அறிவியல் பணிகளில் இதை நாம் அடிக்கடி சொல்லிப் பெருமைப்பட்டிருக்க வேண்டும்.

எலிக்குட்டிக்குப் பொருந்துவது அப்படியே நம் பிள்ளைக்கும் பொருந்தும் என்று சொல்ல முடியாது. மனிதருக்கு முதன்மையான நேரங்காட்டி வெளிச்சம்தான். கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, மூளையின் அடிப்பகுதியில், ஏறக்குறைய 20,000 நரம்பணுக்கள் கூடி இந்தக் கடிகாரத்தை நடத்துகின்றன. ஆனால் இரண்டு வயதுப் பிள்ளை தானாக எழுந்து போய் விளக்கை அணைக்காது. அதற்குச் சோறூட்டுவதும், வாசலுக்குத் தூக்கிப் போவதும், தூளியில் போடுவதும் பெரியவர்கள். அதன் பொழுது அவர்கள் கையில் இருக்கிறது.

அந்தப் பெரியவர்களின் பொழுதோ ஆலையின் கையில். சென்னை–அரக்கோணம் ரயில் பாதையில் இருக்கும் திருவாலங்காட்டில் கரும்பு அரவைப் பருவம் வந்தால் சர்க்கரை ஆலை இரவும் பகலும் ஓடும். திருவள்ளூர், காக்களூர் தொழிற்கூடங்களுக்கும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கும் திருவள்ளூர் மாவட்டத்து ஊர்களிலிருந்து ரயிலிலும் கம்பெனி பஸ்ஸிலும் ஆட்கள் போகிறார்கள். சுழற்சி வேலை என்றால் ஒரு வாரம் காலை 6 மணி ஷிப்ட், மறுவாரம் மதியம் 2 மணி, அதற்கடுத்த வாரம் ராத்திரி 10 மணி. புருஷன் ஷிப்டில் இருக்கும் வீட்டில் சமையலும் குளியலும் தூக்கமும் அதோடு சேர்ந்து சுற்றுகின்றன. நான் கவலைப்படுவது குழந்தையும் சேர்ந்து சுற்றுவதைப் பற்றித்தான்.

மதிய ஷிப்ட் வாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா வீடு திரும்ப ராத்திரி பதினொன்றைத் தாண்டும். நாளெல்லாம் முகம் பார்க்காத பிள்ளை. டியூப்லைட்டைப் போட்டு, எழுப்பி, கொஞ்சி விளையாடிவிட்டால் அது ஒரு மணிக்குத்தான் மறுபடி கண் மூடும். அந்தப் பாசத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் சிறு கண்கள் வெளிச்சத்துக்கு மிகவும் வசப்படும். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் மோனிக் லெபூர்ஷுவா குழுவினர் 3 முதல் 5 வயது வரையுள்ள 10 குழந்தைகளைத் தூங்கப் போகும் முன் ஒரு மணி நேரம் பிரகாசமான ஒளியில் விளையாட விட்டார்கள். இரவு வந்துவிட்டது என்று உடலுக்கு அறிவிக்கும் மெலட்டோனின் சுரப்பு 88 விழுக்காடு விழுந்தது. விளக்கை மங்கலாக்கி 50 நிமிடம் ஆன பிறகும் பெரும்பாலான குழந்தைகளுக்கு அது மீளவில்லை. 2018-இல் வெளியான முடிவு இது.

ஒன்று முதல் இரண்டு வயதுவரை பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளுக்கு 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் வேண்டும், அதுவும் ஒரே நேரத்தில் படுத்து ஒரே நேரத்தில் எழ வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. மூன்று வயதில் 10 முதல் 13 மணி நேரம்.

அப்படியானால் மாறாமல் வைக்க வேண்டியது எது? காலையில் எழும் நேரமும் ராத்திரி படுக்கும் முறையும். உளவியலாளர் ஜோடி மிண்டல் 2009-இல் வெளியிட்ட ஆய்வில் 405 தாய்மாரும் 7 மாதம் முதல் 3 வயது வரையுள்ள அவர்கள் பிள்ளைகளும் பங்கேற்றார்கள். குளிப்பாட்டி, உடம்பு நீவிவிட்டு, மடியில் வைத்து அமைதியாகப் பாடி, பிறகு விளக்கை அணைப்பது என்று தினமும் ஒரே வரிசை. இரண்டே வாரத்தில் பிள்ளைகள் சீக்கிரம் தூங்கினார்கள், நடுராத்திரி விழிப்பதும் குறைந்தது. தாய்மாரின் மன இறுக்கமும் சோர்வும் தணிந்தன. குழந்தைப் பொருள் விற்கும் நிறுவனம் ஒன்றின் பணத்தில் நடந்த ஆய்வு என்பதால், நீவிவிட எந்தப் புட்டியும் வாங்கத் தேவையில்லை என்பதைச் சேர்த்துச் சொல்கிறேன். வெந்நீரும் ஆயாவின் கையும் போதும். மதியத் தூக்கம் மாலை வரை நீளாமல் பார்த்துக்கொண்டால் இது இன்னும் எளிது.

அப்பாவுக்கு என்ன மிச்சம்? காலை ஷிப்ட் வாரத்தில் சாயங்காலக் குளியலும் சோறும் அவர் பங்கு. மதிய ஷிப்டில், பிள்ளை எழுந்தது முதல் அவர் கிளம்பும்வரை முழுக் காலையும் அவருடையது. நைட் ஷிப்ட் வாரம்தான் கடினம். விடிந்து வீடு வரும்போது படும் வெயில், தூங்க வேண்டிய உடம்பை விழித்திருக்கச் சொல்லும். பிள்ளைக்கு இட்லி ஊட்டிவிட்டு ஜன்னலை மூடி அவர் படுத்துவிடலாம். மாலையில் எழுந்தபின் குளிப்பாட்டித் தூங்க வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பலாம். மனைவிக்கும் அந்த ஒரு மணி நேரம் உட்கார வாய்க்கும்.

இதெல்லாம் வேலை நேரம் ஓர் அளவுக்குள் இருந்தால்தான் நடக்கும். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் நாளுக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு வைத்தது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தத்தை நிறைவேற்றியது. எதிர்ப்பு எழுந்ததும் மே 1 அன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். 12 மணி நேர வேலையோடு போகவர ஆகும் நேரத்தையும் கூட்டினால், இரண்டு வயதுப் பிள்ளை விழித்திருக்கும் நேரத்தை அது முழுதாக விழுங்கிவிடும். அன்று பேசப்பட்டதெல்லாம் உற்பத்தியும் கூலியும். இந்தக் கணக்கும் பேசப்பட்டிருக்க வேண்டும்.

ஆலை நிர்வாகங்கள் செலவில்லாமல் செய்யக்கூடியவை இரண்டு உண்டு. மனித உடல் கடிகாரத்தின் சுற்று 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளம். அதனால் காலை, மதியம், இரவு என்று முன்னோக்கிச் சுற்றும் ஷிப்டை உடம்பு தாங்கிக்கொள்ளும், பின்னோக்கிச் சுற்றினால் தடுமாறும். சுழற்சியை அப்படி முன்னோக்கியே அமைக்கலாம். ஷிப்ட் அட்டவணையை ஒரு மாதம் முன்கூட்டியே ஒட்டலாம். அடுத்த வாரம் பிள்ளையை யார் குளிப்பாட்டுவது என்று வீட்டில் இருவரும் உட்கார்ந்து பேசிக்கொள்வார்கள்.